மூச்சடக்கி மூழ்குதலும் தன்னையறிதலும்

உடம்பினாற் கற்கப்படும் வித்தைகளுட் சில கற்போனுடைய பிழையைப் பொறுப்பன, சில பொறாதன. எழுத்துப் பிழைத்தவன் அழித்து எழுதலாம். தாளம் பிழைத்தவன் மீளத் தொடங்கலாம். பனையேறுவோன் கால் பிழைத்தலும், நீரினுள் மூழ்குவோன் மூச்சுப் பிழைத்தலும் அத்தன்மையன அல்ல. இவ்விரண்டாம் வகைப்பட்ட வித்தையைக் கற்பவன் தன்னை எவ்வாறு காத்துக்கொள்ளற்பாலன், தன் நிலையைத் தானே அறிதற்கு அவனுக்குள்ள கருவி யாது, அக்கருவி எத்துணை நம்பத்தக்கது என்னும் வினாக்கள் வெறுந் தேகப்பயிற்சி பற்றியன போலத் தோன்றும். உண்மையில் அவை அறிவு பற்றியனவும் ஒழுக்கம் பற்றியனவுமாம். ஆதலின் அவற்றை நம் பாடசாலை ஆசிரியர்கள் முன்னிலையில் வைத்து ஆராயப் புகுகின்றோம். பொதுவாகப் பேசிற் சொல் பெருகிப் பொருள் சுருங்குமாதலால், மூச்சடக்கி நீரில் மூழ்குதல் என்னும் ஒரு வித்தையையே எடுத்துக்கொள்வாம்.

இதனைத் தெரிந்தெடுத்தற்குக் காரணம் உண்டு. மன்னார்க்குடாவிலே முத்துக்குளித்தல் பன்னூறாண்டுகளாக நடைபெற்றது. சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய கரைகளிலே சலாபம் நிகழுங் காலத்து, ஓலைக் கொட்டில்களால் ஆகிய ஒரு பட்டினமே தோன்றிச் சில வாரங்களில் மறைந்துபோம். 1905ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபம் மிகப் பெரியவற்றுள் ஒன்று. தமிழருஞ் சோனகரும், பாரசீகக் குடாவினின்று வந்த அராபியருமாகிய குளிப்போர் ஏறக்குறைய 5 முதல் 10 பாகம் ஆழத்திற்குச் சென்று, ஒரு நிமிஷ அளவில் இயன்ற மட்டும் சிப்பிகளை வாரிக்கொண்டு மீண்டார்கள். காலிலே கட்டிய கல் அவர்களைக் கீழே கொண்டு சென்றது. வள்ளத்தில் நின்ற துணைவன் பிடித்த கயிறு அவர்களை மேலே கொண்டு வந்தது. ஒரு கல்லுக்கு இருவராக அமைந்து, ஒருவன் மூழ்க மற்றவன் இளைப்பாறினான். இந்த ஏற்பாட்டிலே நாம் ஆராயும் வினாவிற்குரிய விடையிற் பாதி அடங்கிக் கிடக்கின்றது.

மற்றொரு செய்தியும் அச்சலாபத்தில் உண்டு. சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர் கடல்கட்டி எனப் பெயர்பெற்று அங்கே இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ அவர்களைப்பற்றிக் குறித்திருக்கின்றார். 1807இல் இலங்கையைப்பற்றி நூல் வெளியிட்ட கோடினர் என்னும் பாதிரியாரும் குறித்திருக்கின்றார். அவர்கள் இல்லாதவழிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனராதலால், ஆங்கில அரசினரும் அவர்களுக்கு ஊதியம் அளித்து வந்தனர். இதனைக் கேட்டு நகைப்பாருமுளர், நாம் நகைக்கமாட்டோம். நடுங்குகின்ற மனத்தோடு மூழ்குபவனுக்கு மூச்சு விரைந்து செலவாகுமாதலின், அம்மந்திரம் சுறாவை யாது செய்ததாயினும், குளிப்போன் நெஞ்சிலே அமைதியை உண்டாக்கிற்று. அவ்வமைதிக்கும் ஒரு பயன் இருந்தது. ஆயினும் அமைதி வேறு, காவல் வேறு. கடல்கட்டி தந்தது அமைதி. கயிறு பிடித்தவன் தந்தது காவல். அபாயமுள்ள வித்தைகளைக் கற்போர் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, மனந் தெளிவாயிருத்தலையே காவலாகக் கொண்டுவிடுகின்றனர். அம்மயக்கம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதே மேல் ஆராயற்பாலது.

நீருள் மூழ்கியிருப்பவனுக்குச் சிறிது நேரத்தில் மூச்சுவிடவேண்டும் என்னும் உந்துதல் தோன்றுகின்றது. நேரஞ் செல்லச் செல்ல அது வலுத்து, நெஞ்சிற்கும் வயிற்றிற்கும் இடையேயுள்ள சவ்வுத்தசை துள்ளத் தொடங்குகின்றது. பாமரர் இதனைப் பிராணவாயு குறைந்தமையால் உண்டாகும் வேதனை என்பர். வைத்தியநூலார் அவ்வாறு சொல்வதில்லை. அவ்வுந்துதலை முக்கியமாக எழுப்புவது, உடம்பினுள்ளே பெருகுங் கரியமிலவாயுவேயாம். பிராணவாயுக் குறைவும் ஒருசிறிது உந்துமாயினும், அது காலந்தாழ்த்து வருவது, மெலிந்தது. சாதாரண நிலையிலே பிராணவாயு குறையுந்தோறும் கரியமிலவாயு பெருகுமாதலால், ஒன்றின் மிகுதி மற்றதன் குறைவுக்கு அடையாளமாய் நின்று உயிரைக் காக்கின்றது. அளவை நூல் பயின்ற ஆசிரியர்களுக்கு இது நன்கு விளங்கும். கரியமிலவாயுவின் பெருக்கம் புகை. பிராணவாயுவின் குறைவு நெருப்பு. நாம் உள்ளே உணர்வது புகையையே. நெருப்பையோ கருதல் அளவையால் அறிகின்றோம்.

இனி, மூழ்குமுன் பலமுறை விரைவாகவும் ஆழமாகவும் மூச்சை வாங்கி விடுதல் ஒரு வழக்கமாக உலகெங்கும் உண்டு. நம் சிறுவரும் ஒருவர் சொல்லாமலே இதனைக் கற்றுக்கொள்கின்றனர். இதனாற் பிராணவாயு நிரம்பச் சேரும் என்பது அவர்கள் எண்ணம். நலமுள்ள ஒருவனது இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் முன்னரே நூற்றுக்கு 97 அளவு பிராணவாயுவாற் செறிந்திருக்கின்றது. ஆதலின் இச்செய்கையாற் சேர்வது மிகச் சொற்பமே. போவதோ மிகப் பெரிது. கரியமிலவாயு வெளியேறிவிடுகின்றது. அதனால் மூச்சுவிடும் உந்துதல் நெடுநேரம் தோன்றாதிருக்க, மூழ்கியவன் தனக்கு ஆற்றல் பெருகிற்று எனக் களிக்கின்றான். பெருகினது ஆற்றலன்று; அடையாளம் ஒழிந்ததேயாம். நெருப்பு முன்போலவே எரிகின்றது. புகை மாத்திரம் மறைக்கப்பட்டது.

அமெரிக்க வைத்தியராகிய அல்பேட் கிறேக் என்பவர், நீரினுள் நீந்தும்போது உணர்விழந்தோருடைய செய்திகளைத் திரட்டி 1961இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். உணர்விழந்தோருட் பலர் முன்னதாக விரைந்து மூச்செறிந்தவர்கள். இத்தனை தூரம் செல்வேன் என ஓர் இலக்கை வைத்து நீந்தியவர்களும் அவர்களுட் பலர். பிழைத்தோர் சொல்லியவற்றை நோக்கின் நம் நெஞ்சம் திடுக்கிடும். தாங்கொணாத வேதனையாதல், இப்போது மயங்கப்போகின்றேன் என்னும் எச்சரிக்கையாதல் அவர்களுக்குத் தோன்றவில்லை. மூச்சுவிடும் விருப்பம் சிறிது இருந்தது. பின்பு நிகழ்ந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

ஆழத்திலே இது பின்னும் நுட்பமாகின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் உடம்பின்மேல் அழுத்தும் அமுக்கம், நீர்மட்டத்தில் உள்ளதற்கு இருமடங்கு. நெஞ்சினுள் அடைபட்ட காற்று பாதியளவாகச் சுருங்கி, அதிலுள்ள பிராணவாயு இருமடங்கு அமுக்கத்தோடு இரத்தத்திற் சேர்கின்றது. ஆதலால் மூழ்குவோன் ஆழத்தில் இருக்கும்வரைக்கும் இலகுவாகவே இருக்கின்றான். அவன் மேலே எழும்போது அமுக்கங் குறைய, பிராணவாயு திடீரெனத் தாழ்ந்துபோகின்றது. இதனாலன்றோ மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வாராது, நீர்மட்டத்தை அணுகும் கடைசிச் சில மீற்றரில் வருகின்றது! சிலர்க்குத் தலை வெளியே வந்தபின்னும் வருகின்றது. அபாயம் கடந்துவிட்டது என எல்லாரும் எண்ணும் இடமே அபாயத்தின் இடம்.

சித்தாந்த நூலார் காட்சியை நான்காக வகுத்து, இன்ப துன்பங்களை உள்ளே நுகர்ந்து அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்பர். இங்கே தன்வேதனைக் காட்சி பொய்த்ததா எனின், பொய்க்கவில்லை. வேதனை இல்லை என்று அவன் அறிந்தது உண்மையே. பொய்த்தது அதிலிருந்து அவன் கருதியதாம். புகை உள்ளவிடத்து நெருப்பு உண்டென்பது பிழையாதது. புகை இல்லாதவிடத்து நெருப்பு இல்லையென்பதோ பிழைபடும். பழுக்கக் காய்ந்த இரும்பு புகைப்பதில்லை. மூச்சு முட்டுகின்றது, ஆதலால் அபாயம் என்று கொள்பவன் தன்னைக் காத்துக்கொள்வான். மூச்சு முட்டவில்லை, ஆதலால் அபாயம் இல்லை என்று கொள்பவன் தருக்க நூலிற் சிறுவரும் அறிந்த ஒரு குற்றத்தினால் உயிரை இழப்பான். அவன் பயிலாமையால் இறக்கின்றான் அல்லன். தன்னை அறிந்ததாகத் துணிந்து இறக்கின்றான்.

உன்னை நீ அறி என்னும் உபதேசம் இதனாற் பயனற்றதாயிற்றோ எனின், ஆகாது. அவ்வுபதேசத்தின் பொருளே நுட்பமாயிற்று. இப்போது எனக்கு எவ்வாறு இருக்கின்றது என்று உள்ளே நோக்குவது தன்னையறிதலின் ஒரு பகுதி. என் உள்நோக்கு எவ்விடத்துத் தவறும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் அதனினும் பெரிய பகுதி. உணர்விழக்கப் போகின்றவன் தன் உணர்வைக்கொண்டே அதனை அறிய முயல்வது, அணையப்போகின்ற விளக்கின் ஒளியாலே அதன் எண்ணெயை அளக்க முயல்வதனை ஒக்கும். விளக்கு நன்றாக எரியும்போதே அளந்துகொள்ளவேண்டும். எத்தனை செக்கன் மூழ்குவது, எவ்விடத்துத் திரும்புவது, யார் காவல் என்பனவெல்லாம் வெளியிலே, மூச்சு சீராக ஓடும்போது துணியப்பட வேண்டும். உள்ளே சென்றபின் அத்துணிபை மாற்ற அவனுக்கு அதிகாரம் இல்லை. திரும்புங் காலத்தை முற்படுத்த மாத்திரம் அதிகாரம் உண்டு.

இதற்கு மறுதலையான ஒரு பிழையும் உளது. அதையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். முதன்முறை தலையை நீருள் ஆழ்த்துஞ் சிறுவன் பத்துச் செக்கனிலேயே மூச்சு முட்டுகின்றது எனத் துள்ளி எழுகின்றான். அவன் உடம்பிற் பிராணவாயு நிரம்ப இருக்கின்றது. அவனை எழுப்பியது அச்சம். இந்த அச்சத்தைச் சிறிது சிறிதாகத் தணித்தலே பயிற்சி. தணித்தல் எதனால் ஆகின்றது? உந்துதல் வரும்போது கலங்காது பொறுத்துப் பழகுவதனால் ஆகின்றது. இங்கேதான் இக்கலையின் உள்முரண் இருக்கின்றது. வித்தை வளர வளரக் காவற்காரனுடைய குரலைக் கேளாதிருக்கப் பழகுகின்றோம். புதியவனுடைய அச்சம் காலத்தின்முன் கூவும் சேவல். பழகினவனுடைய அமைதியோ விடிந்தபின்னுங் கூவாத சேவல். இரண்டையும் நம்பிப் பொழுதறிதல் கூடாது.

பொறுமை நற்குணங்களுள் ஒன்றென நாம் நாடோறும் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். வெயிலைப் பொறுத்தல், பசியைப் பொறுத்தல், பிறர் வசையைப் பொறுத்தல் எல்லாம் நன்றே. ஆயினும் பொறுத்தல் என்பது எதனைப் பொறுக்கின்றோம் என்பதைக்கொண்டே நன்றுந் தீதும் ஆகின்றது. வெயிலிற் பொறுத்து நிற்பவன் தான் களைத்தமையைத் தானே அறிந்து நிழலிற் செல்லலாம். மூச்சைப் பொறுப்பவனோ களைப்பை அறிதற்குரிய அறிவையே செலவிட்டுப் பொறுக்கின்றான். இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் புகழ்கின்ற ஆசிரியன் தான் புகழ்வது இன்னதென்று அறியாதவனாவான்.

கொரியா நாட்டைச் சேர்ந்த ஜேஜு என்னுந் தீவிலே, ஹேன்யோ எனப்படும் பெண்கள் காற்றுக்கலம் ஒன்றும் இன்றி மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சங்கு, சிப்பி, பாசி முதலியவற்றை எடுத்துச் சீவிக்கின்றார்கள். இவர்களது மரபை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இன்று இவர்களுட் பெரும்பாலோர் அறுபது வயது கடந்த மூதாட்டிகள் என்பது கவனிக்கத்தக்கது. வலிமையாற் செய்யப்படும் வித்தையாயின் இவ்வயதில் நடவாது. அவர்கள் தம்முள் மேல், நடு, கீழ் என மூன்று நிலை வகுத்து, இன்ன நிலையினள் இன்ன கடலில் இறங்கலாம் என வரையறுத்திருக்கின்றனர். தனியே செல்வதில்லை. நீர்மட்டத்திற்கு வந்தவுடன் சீழ்க்கை போன்ற ஓரொலியோடு மூச்சை வெளிவிடுவர். அதனைச் சும்பிசோரி என்பர். அவ்வொலி அயலிலுள்ளார்க்கு ஒருத்தி மீண்டாள் என்பதையும் அறிவிக்கின்றது.

அவர்கள் இளையோர்க்குச் சொல்லும் எச்சரிக்கைகளுட் பெரியது, கடலினிடத்துப் பேராசை கொள்ளாதே என்பது. ஒருத்தி மேலெழத் திரும்பும் வேளையிற் பாறையிடுக்கில் ஒரு பெரிய சிப்பி தோன்றும். கைக்கு எட்டுந் தூரத்தில் இருக்கும். மூச்சும் இன்னுஞ் சிறிது இருப்பதாகத் தோன்றும். அதனை விட்டு வருதல் வேண்டும். மீண்டுஞ் சென்றால் அது இருக்குமோ இராதோ, அது வேறு. நாம் இங்கே காண்பது யாதெனின், அவர்கள் அபாயத்தைக் கடலிலே தேடாது, தம் விருப்பத்திலே தேடினார்கள் என்பதாம். இன்னுஞ் சிறிது இருக்கின்றது என்னும் மதிப்பீடு சிப்பியைக் காணுமுன் செய்யப்பட்டதா, கண்டபின் செய்யப்பட்டதா என்று கேட்டல் வேண்டும். கண்டபின் செய்யப்பட்டதாயின் அது மூச்சின் அளவன்று, ஆசையின் அளவு. கிறேக் ஆராய்ந்த நீச்சற்காரர்க்குத் தடாகத்தின் மறுகரை எவ்வாறோ, ஹேன்யோ மகளிர்க்கு அச்சிப்பி அவ்வாறு.

பசிபிக்குக் கடலிலுள்ள துவாமோத்துத் தீவுகளின் முத்துக்குளிப்போர் செய்தியும் ஈண்டு ஒரு வரி பெறத்தக்கது. சில நிமிஷமே இளைப்பாறி மீண்டும் மீண்டும் ஆழ்ந்து சென்ற அவர்களிடையே, தலைச்சுழற்சி, முடக்கம், மரணம் ஆகியவற்றை விளைக்கும் தரவானா என்னும் நோய் காணப்பட்டது. அயலிலுள்ள மங்கரேவாத் தீவினரோ ஒவ்வொரு முறைக்கும் இடையே 12 முதல் 15 நிமிஷம் ஓய்ந்திருந்தனர். அவர்களிடையே அந்நோய் இல்லை. 1965இல் இது நூலில் வெளிவந்தது. கடலும் வித்தையும் ஒன்றே. வேறுபட்டது ஓய்வு மாத்திரமே. காற்றுக்கலங் கட்டி நம் வடகடலிற் சங்குங் கடலட்டையுங் குளித்தெடுப்போரிடையே கைகால் முடங்கினோர் உளர் என்பதும், விரைந்து மேலெழுதலும் ஒரே நாளிற் பலமுறை மூழ்குதலும் அதற்குக் காரணமாம் என்பதும் பலர் அறிந்தனவே. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

வித்தை முதிர்ந்தவர்க்கு இவ்வெச்சரிக்கைகள் வேண்டியதில்லை என்பாரும் உளர். ருஷிய தேசத்தவராகிய நத்தாலியா மொல்சானோவா என்பவர் இக்கலையில் ஒப்புயர்வில்லாதவராக விளங்கினார். 41 உலக சாதனைகளை நிலைநாட்டினார். 2013இல் நீரில் அசையாது மிதந்து 9 நிமிஷம் 2 செக்கன் மூச்சடக்கினார். நூறு மீற்றரிலும் ஆழமாகச் சென்று மீண்டவர். 2015 ஆகஸ்ட் 2ஆந் திகதி, ஸ்பானியா நாட்டு போர்மெந்தேரா என்னுந் தீவின் அயலிலே, பந்தயமொன்றும் இல்லாத வேளையில், ஏறக்குறைய 35 மீற்றர் அளவே செல்லக் கருதி மூழ்கியவர் மீளவில்லை. உடலும் அகப்படவில்லை. வலிய நீரோட்டம் காரணமாகலாம் என்று அக்காலத்துக் கருதப்பட்டது. அவர் பிழை செய்தார் என்று நாம் சொல்லத் துணியோம். அவர்க்கு 35 மீற்றர் என்பது நமக்கு முற்றத்தில் உலாவுவது போன்றது. ஆயினும் கடல் அவர் சாதனைகளைக் கணக்கிற் கொள்ளவில்லை. பெரும் பந்தய நாள்களில் அவரைச் சூழ நின்ற காவலரும் கயிறும் வைத்தியரும் அந்நாளில் அவ்வாறு சூழ்ந்திருக்கவில்லை என்பதை மாத்திரம் குறிப்பிடுகின்றோம். எளிய வேலைக்குக் காவல் வேண்டாம் என்னும் எண்ணம், வல்லாரிடத்தே அதிகம் எழுவது இயல்பு.

பந்தயம் என்றமையால் அங்குள்ள ஒரு விதியைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். 1992இல் நிறுவப்பட்ட எயிடா என்னும் அனைத்துநாட்டுச் சங்கம், மூச்சடக்கி மூழ்கும் பந்தயங்களை நடத்துகின்றது. ஒருவன் நூறு மீற்றர் சென்று மீண்டாலும், அதனால் மாத்திரம் அவனுக்கு வெற்றி இல்லை. தலை வெளியே வந்தபின் 15 செக்கனுக்குள், முகத்தில் அணிந்தவற்றைக் கழற்றி, கையாற் குறி காட்டி, நலமாயிருக்கின்றேன் என்று வாயாற் சொல்லவேண்டும் என விதித்தார்கள். முறை மாறினும், இடையில் மயங்கினும் அம்முயற்சி தள்ளப்படும். குழந்தையுஞ் செய்யத்தக்க இம்மூன்று செய்கைகளை, பிராணவாயு குன்றிய மூளையையுடைய ஒருவனாற் செய்ய இயலாது. கை நடுங்கும், முறை தடுமாறும், சொல் எழாது. ஆழத்திற்குப் போனான் என்பதன்று கேள்வி. தன்னறிவு குலையாது மீண்டானா என்பதே கேள்வி. அதனைத் தீர்ப்போனும் அவனல்லன். அயலில் நின்று பார்க்கும் நடுவனே. காட்சியுங் கருதலும் ஒருவனுக்குள் தளர்ந்தவிடத்து, உரையளவை பிறனிடமிருந்து வரவேண்டும் என்பதை, அளவைநூல் கேட்டறியாத அவ்வந்நியர் தம் பட்டறிவாற் கண்டது வியக்கத்தக்கதே. நம் பாடசாலைகளில் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் தூரத்தை மாத்திரம் அளந்து பரிசளிக்கின்றோமே. முடிந்தபின் மாணாக்கன் எந்நிலையில் நின்றான் என்பதை அளப்பதுண்டா?

அற்றேல், இவ்வளவு எச்சரிக்கையும் அபாயமும் உள்ள ஒன்றைக் கற்பியாது விடுதலே தக்கது என்று சிலர் கூறுவர். அவர்க்கு நாம் கூறுவது: கற்பியாது விட்டால் நீர் இல்லாது போகுமா? நம் நாட்டிலே கிணறில்லாத வளவு அரிது. கேணியில்லாத கோயில் அரிது. முப்புறமுங் கடல். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நீந்தவும் மூழ்கி எழவும் அறியாமை ஒரு காவலன்று.

வேறு சிலர், இத்தனை விதிகளாற் கட்டுண்டவன் கோழையாவான், வீரம் குன்றும் என்பர். வீரமாவது அபாயத்தைக் காணாமையா, கண்டும் தக்கதைச் செய்தலா? கண்ணை மூடிக்கொண்டு பாலத்தைக் கடந்தவனை வீரன் என்று எவருஞ் சொல்லார். முன்சொன்ன விரைந்த மூச்செறிதல் உள்ளே உள்ள கண்ணை மூடுவதேயாம். இன்னுஞ் சிலர், என் உயிர் என்னுடையது, அதனை யான் பணயம் வைத்தால் உனக்கென்ன என்று வழக்கிடுவர். மீட்கப் பாய்ந்தவனும் சேர்ந்து இறந்த செய்திகளை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். அப்பணயத்தில் அவனுயிரையும் வைத்தவர் யார்? பன்னிரண்டு வயதுச் சிறுவனிடத்து இவ்வழக்கு எழுதற்கே இடமில்லை. அவன் உயிரைப் பணயம் வைப்பவன் அவனல்லன். அவனைத் தூண்டிய கூட்டமே.

கூட்டம் என்றோம். கேணிகளிலும் குளங்களிலும் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பார் எனச் சிறுவர் பந்தயமிடுதல் எங்குங் காணப்படுவதே. பெரியோர் அதனைத் தீங்கில்லாத விளையாட்டாகக் கருதிப் படிக்கட்டில் இருந்து கதை பேசிக்கொண்டிருப்பர். கழுத்தளவு நீராதலால் அபாயம் இல்லையென்பது அவர்கள் துணிபு. இடுப்பளவு நீரிலும் உணர்விழந்தவன் மூழ்கியே கிடப்பான். விளையாட்டாக அசையாதிருப்பவனுக்கும் உணர்விழந்து அசையாதிருப்பவனுக்கும் மேலிருந்து பார்ப்போர் வேற்றுமை காணார். ஆதலால் இரண்டு காரியங்களை ஆசிரியர் முற்றாகத் தடுத்தல் வேண்டும்: மூழ்குமுன் விரைந்து மூச்செறிதல் ஒன்று, தனியே மூச்சடக்கி மூழ்குதல் மற்றொன்று. நீருக்குள் நேரப் பந்தயம் கூடாதென்பதை இவ்விரண்டனோடு சேர்ப்பினும் நாம் மறுக்கோம்.

தடுக்கும்போது காரணத்தையுஞ் சொல்லவேண்டும். செய்யாதே என்று மாத்திரஞ் சொல்லப்பட்ட சிறுவன் ஆசிரியர் காணாதவிடத்துச் செய்வான். காணாதவிடமென்பது பெரும்பாலும் ஒருவருங் காணாதவிடம்; எனவே வெறுந் தடை, விலக்கவேண்டிய இரண்டனுள் ஒன்றினின்று மற்றொன்றில் அவனைத் தள்ளிவிடுகின்றது. புகையும் நெருப்புங் கொண்டு விளக்கினால் ஐந்தாம் வகுப்பு மாணாக்கனும் இதனை அறிவான். சுகாதார பாடம் நடத்துவோர்க்கும் இதைவிடச் சிறந்த உதாரணம் அகப்படுதல் அரிது.

புகழ்ச்சியைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியன் வாயிலிருந்து வரும் பலே என்னும் ஒரு சொல் மாணாக்கனை எவ்வளவு தூரம் தள்ளும் என்பது நாம் அறிந்ததே. அதிக நேரம் மூழ்கியவனைப் புகழ்ந்தால் மறுநாள் எல்லாரும் அதிக நேரம் மூழ்குவர். குறித்த நேரத்தில் எழுந்தவனை, இன்னும் இருக்கலாம் போல இருந்தும் எழுந்தேன் என்று சொல்பவனைப் புகழ்ந்தால், அதுவும் மறுநாள் பெருகும். நேரத்தை முன்கூட்டிச் சொல்லச் செய்து, அவன் சொன்னதற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஏட்டில் எழுதி வைப்பது நல்ல முறை. சில வாரங்களில் மாணாக்கன் தன்னைப்பற்றிய தன் மதிப்பு எப்பக்கம் சாய்கின்றது என்பதை இலக்கத்திலே காண்பான். தன்னையறிதலுக்கு அவ்வேட்டைக்காட்டிலும் மலிவான கருவியை நாம் அறியோம்.

கரையில் நின்று காவல் செய்யும் வேலையை, நீந்த விருப்பமில்லாத மாணாக்கனுக்கோ தண்டனை பெற்றவனுக்கோ கொடுத்துவிடுவது சில இடங்களில் வழக்கம். முத்துச் சலாபத்திற் கயிறு பிடித்தவன் அவ்வாறு நியமிக்கப்பட்டவனல்லன். மூழ்குவோன் கற்பதெல்லாம் காப்போனுங் கற்றிருக்க வேண்டும். இன்றைக்கு மூழ்குபவன் நாளைக்குக் காப்பவனாதல் வேண்டும். ஒருவனுக்கு ஒருவனே காவல். நால்வரை ஒருவன் பார்த்தல் ஒருவரையும் பாராமையாம். மூழ்கியவன் மேலெழுந்து முதல் மூச்சு வாங்கியவுடன் காப்போன் கண்ணைத் திருப்பிக்கொள்ளுதல் பெரிய தவறு. நெஞ்சிற் புகுந்த பிராணவாயு மூளையை அடையச் சில செக்கன் செல்லுமாதலால், அவ்விடைவெளியிலே மயங்கி மீண்டும் நீருள் அமிழ்வோர் உண்டு. எழுந்தவன் முகத்தை 30 செக்கன் வரையும் விடாது பார்த்து, அவன் பெயரைச் சொல்லி அழைத்து, தெளிவான மறுமொழி பெற்ற பின்னரே அடுத்தவனை நீரில் இறங்கவிடவேண்டும்.